1200 இருக்கை அரங்கத்தின் வைஃபைக்கு எந்தத் திசை ஆன்டெனா?

கேள்வி: கோயம்புத்தூருக்குப் பக்கத்தில் ஒரு பொறியியல் கல்லூரியில் நெட்வொர்க் பார்த்துக்கொள்கிறேன். எங்கள் அரங்கத்தில் 1200 இருக்கைகள். நீளம் 36 மீட்டர், அகலம் 26 மீட்டர். முன்பக்கம் கூரை 11 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பின்வரிசைகள் படிப்படியாக உயர்வதால் அங்கே 7 மீட்டர்தான். கூரையில் 14 அக்சஸ் பாயின்ட்கள் (வைஃபை சிக்னல் தரும் பெட்டிகள்), எல்லாமே ஆன்டெனா உள்ளேயே இருக்கும் வகை. வேலைவாய்ப்பு முகாமில் எல்லா மாணவர்களும் லேப்டாப்பில் ஆன்லைன் தேர்வு எழுத உட்கார்ந்தால் பாதிப் பேருக்குப் பக்கம் திறப்பதில்லை. சிக்னல் மட்டும் முழுதாகக் காட்டுகிறது. ஒரு விற்பனையாளர் 14 டிபிஐ ஆன்டெனா போட்டால் சரியாகிவிடும் என்கிறார். வாங்கலாமா?

பதில்: அந்த 14 என்ற எண்ணை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். டிபிஐ என்பது ஆன்டெனா சக்தியை ஒரு திசையில் எவ்வளவு குவிக்கிறது என்பதன் அளவு. திசை ஆன்டெனா உங்களுக்குத் தேவைதான். ஆனால் அவர் சொல்லும் காரணத்துக்காக இல்லை.

சிக்னல் முழுதாக இருக்கிறது, பக்கம் திறக்கவில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். நோய் அதிலேயே தெரிகிறது. உங்கள் அரங்கத்தில் சிக்னலுக்குக் குறைவில்லை. எல்லோருக்கும் எல்லாமே கேட்கிறது, அதுதான் கோளாறு. வைஃபையில் ஒரு சேனலில் ஒரு நேரத்தில் ஒரு கருவிதான் பேச முடியும். மற்றவை காது கொடுத்துக் காத்திருக்க வேண்டும். பேச வேண்டியவர்கள் அதிகமாக, காத்திருக்கும் நேரம்தான் பெருகுகிறது. இப்படிப்பட்ட இடத்தில் கூடுதல் பலம் தரும் ஆன்டெனாவைப் போட்டு மற்ற எதையும் மாற்றாமல் விட்டால், சத்தம்தான் கூடும். திசை ஆன்டெனாவை இங்கே வாங்குவது தூரம் போவதற்காக இல்லை. தன் பகுதிக்கு வெளியே இருப்பது காதில் விழாமல் இருப்பதற்காக.

ஒரு சின்னக் கணக்குப் போட்டால் இது தெளிவாகும். முன்வரிசையில் ஒரு லேப்டாப் தரையிலிருந்து 1 மீட்டர் உயரத்தில் இருக்கிறது என்று வையுங்கள். நேர் மேலே இருக்கும் அக்சஸ் பாயின்ட் 10 மீட்டர் தூரம். 5.5 கிகாஹெர்ட்ஸில் அந்தத் தூரத்துக்கு இழப்பு ஏறக்குறைய 67 டெசிபெல் (சிக்னல் எத்தனை மடங்கு கூடுகிறது, குறைகிறது என்பதன் அளவு; 3 டெசிபெல் குறைந்தால் பாதி). இரண்டு இடம் தள்ளி, அதாவது பக்கவாட்டில் 17 மீட்டர் தள்ளி, அதே சேனலில் இன்னொன்று இருக்கிறது. அதிலிருந்து லேப்டாப்புக்கு நேர்கோட்டுத் தூரம் கிட்டத்தட்ட 20 மீட்டர், இழப்பு 73 டெசிபெல். வித்தியாசம் வெறும் 6. உள்ளே பொதிந்த ஆன்டெனாக்கள் பக்கவாட்டிலும் நன்றாகவே பரப்பும் என்பதால் இந்த 6-ஐத் தவிர வேறு பாதுகாப்பு உங்களுக்கு இல்லை. தாழ்ந்த கூரை கொண்ட அலுவலகத்தில் இந்தப் பிரச்சினை வராது. அங்கே பக்கத்தில் இருப்பது 2 மீட்டர், தள்ளி இருப்பது 17 மீட்டர். நடுவில் சுவரும் இருக்கும். கூரை உயர உயர 'அருகில்', 'தொலைவில்' என்ற வேறுபாடு மறைந்துகொண்டே போகிறது. உயரமான கூரையில் சாதாரண அக்சஸ் பாயின்ட்கள் தடுமாறுவது இதனால்தான்.

இதே இடத்தில் 45 டிகிரி அளவுக்குக் குவிக்கும் பேட்ச் ஆன்டெனா (தட்டையான பலகை போன்ற திசை ஆன்டெனா) கீழ்நோக்கி இருந்தால்? தள்ளி இருக்கும் அக்சஸ் பாயின்ட்டுடைய ஆன்டெனாவின் நேர் அச்சிலிருந்து நம் லேப்டாப் 60 டிகிரி விலகி இருக்கிறது. நல்ல பேட்ச் ஆன்டெனா அந்தக் கோணத்தில் 15 டெசிபெல் அளவுக்காவது குறைத்துக் கொடுக்கும். 6 என்பது 21 ஆகிறது. நீங்கள் பணம் கொடுத்து வாங்குவது இந்த 15 டெசிபெலைத்தான்.

சரி, எத்தனை டிகிரி வேண்டும்? இதை அட்டவணையில் தேடாதீர்கள், இருக்கைக் கணக்கிலிருந்து வாருங்கள். தேர்வுப் பக்கம் போன்ற லேசான வேலைக்கு ஒரு 5 கிகாஹெர்ட்ஸ் ரேடியோவுக்கு 75 லேப்டாப் என்று நான் வைத்துக்கொள்வேன். கேமரா வைத்துக் கண்காணிக்கும் தேர்வானால் 50. உங்களுக்கு 1200-ஐ 75-ஆல் வகுத்தால் 16 அக்சஸ் பாயின்ட்கள். அரங்கம் ஏறக்குறைய 936 சதுர மீட்டர். ஒன்றுக்கு 58 சதுர மீட்டர், அதாவது சுமார் 8.6 மீட்டர் விட்டமுள்ள வட்டம். அந்த வட்டத்தை 10 மீட்டர் உயரத்திலிருந்து நிரப்ப 46 டிகிரி போதும். பின்வரிசையில் தலைக்கு மேல் 6 மீட்டர்தான் இருக்கிறது, அங்கே அதே வட்டத்துக்கு 71 டிகிரி வேண்டும். ஆக, ஒரே மாதிரி ஆன்டெனாவை முழு அரங்கத்துக்கும் வாங்கவே முடியாது. முன்பாதிக்கு 45 முதல் 50 டிகிரி வரை ஒரு வகை, பின்பாதிக்கு 70 டிகிரி அளவில் இன்னொரு வகை. விற்பனையாளர்கள் ஒரே மாடலை மொத்தமாகக் கொடுக்கப் பார்ப்பார்கள். தள்ளுபடியும் கிடைக்கும். அதற்கு மசியாதீர்கள்.

இப்போது அந்த 14 டிபிஐக்கு வருவோம். பலம் என்பது தனியாக வரும் பரிசு இல்லை. ஒரு பக்கம் பரவ வேண்டிய சக்தியைச் சுருக்கி இன்னொரு பக்கம் தருவதுதான். இழப்புகளையும் சேர்த்துப் பார்த்தால் 45 டிகிரி ஆன்டெனா 10, 11 டிபிஐ சுற்றித் தரும், 70 டிகிரி ஆன்டெனா 7 சுற்றி. இரண்டு அச்சிலும் சமமாகக் குவித்து 14 டிபிஐ வர வேண்டுமானால் கோணம் 30 டிகிரி சுற்றி இறங்கிவிடும். உங்கள் முன்வரிசையில் அது 5.4 மீட்டர் வட்டம், 30 பேர். பின்வரிசையில் 3.2 மீட்டர் வட்டம், அதற்குள் 10 பேர்தான் வருவார்கள். இன்னொரு ஆபத்தும் உண்டு. வெளிப்புறக் கோபுரங்களுக்கான செக்டர் ஆன்டெனாவும் 14 டிபிஐ இருக்கலாம். அது ஒரு அச்சில் 90 டிகிரி, மறு அச்சில் பத்துச் சொச்சம் டிகிரி. அதைக் கூரையில் தொங்கவிட்டால் அரங்கத்தின் குறுக்கே ஒரு பட்டைதான் விழும். ஆகவே அவரிடம் டிபிஐ எவ்வளவு என்று கேட்காதீர்கள். இரண்டு அச்சிலும் கதிரின் அகலம் எவ்வளவு என்று கேளுங்கள், பரவல் வரைபடத்தைக் கையில் வாங்குங்கள்.

வரைபடம் கிடைத்ததும் எல்லோரும் நடுவில் இருக்கும் பெரிய இதழைத்தான் (முக்கியக் கதிரைக் காட்டும் பூவிதழ் வடிவத்தை) பார்ப்பார்கள். நீங்கள் ஓரங்களைப் பாருங்கள். சொல்லப்படும் 45 டிகிரி என்பது பலம் பாதியாகும் இடம், அதாவது 3 டெசிபெல் குறையும் இடம். அங்கே சுவர் எதுவும் இல்லை, அதற்கு அப்பாலும் கதிர் போய்க்கொண்டுதான் இருக்கும். 10 டெசிபெல் குறைய எவ்வளவு கோணம் ஆகிறது, 60 டிகிரியில் என்ன மிச்சம் இருக்கிறது, பக்க இதழ்கள் எந்தப் பக்கம் துருத்திக்கொண்டு நிற்கின்றன, பின்பக்கம் எவ்வளவு கசிகிறது, இவைதான் உங்கள் அரங்கத்தின் தலையெழுத்து. அட்டவணையில் ஒரே எண்கள் கொண்ட இரண்டு ஆன்டெனாக்கள் ஓரங்களில் 8 டெசிபெல் வேறுபடுவதைப் பார்த்திருக்கிறேன். அப்புறம், வரைபடம் எந்த அலைவரிசைக்கானது என்றும் பாருங்கள். 5.2-இல் ஒழுங்காக இருப்பது 5.8-இல் அப்படியே இருக்க வேண்டும் என்று இல்லை. 2.4 கிகாஹெர்ட்ஸையும் சேர்த்துத் தரும் ஆன்டெனாவானால் அந்த அலைவரிசையில் கதிர் பொதுவாக அகன்றுதான் இருக்கும். 1, 6, 11 என்ற மூன்று சேனல்களை வைத்துக்கொண்டு ஒரே கூரையின் கீழ் 16 அக்சஸ் பாயின்ட் ஓட்ட வழியே இல்லை. மூன்றில் மட்டும் 2.4-ஐ விட்டுவையுங்கள், மற்றவற்றில் அணைத்துவிடுங்கள்.

அக்சஸ் பாயின்ட்டில் நான்கு ரேடியோ சங்கிலிகள் (ஒரே நேரத்தில் அனுப்பி வாங்கும் தனித்தனித் தடங்கள்) இருந்தால் ஆன்டெனாவிலும் கேபிள் மாட்டும் நான்கு முனைகள் இருக்க வேண்டும். நான்கும் ஒரே பெட்டிக்குள், ஒரே திசையைப் பார்த்து, பாதி கூட்டல் 45 டிகிரி சாய்விலும் பாதி கழித்தல் 45 டிகிரி சாய்விலும் இருப்பதே நல்லது. லேப்டாப்பை எப்படிச் சாய்த்து வைத்தாலும் ஏதாவது ஒன்று பொருந்தும். ஒரு கல்யாண மண்டபத்தில் என்னைப் பார்க்கக் கூப்பிட்டார்கள். ஒரே அக்சஸ் பாயின்ட்டின் நான்கு முனைகளிலிருந்து நான்கு கேபிள் இழுத்து, நான்கு மூலைகளை நோக்கி நான்கு ஆன்டெனா வைத்திருந்தார்கள். பார்க்க நியாயமாகத்தான் தெரியும். ஆனால் அந்த நான்கும் சேர்ந்து ஒரே லேப்டாப்பிடம் பேசுவதற்காக உருவானவை. நான்கு மூலைகளில் இருப்பவர்களும் அதே ஒரு ரேடியோவின் வரிசையில்தான் நின்றார்கள். ஒவ்வொருவருக்கும் கால்வாசி ஆன்டெனாதான் கிடைத்தது. கேபிளை நீட்டியதில் வேறு நஷ்டம். 5.8 கிகாஹெர்ட்ஸில் மெல்லிய கேபிள் ஒரு மீட்டருக்கு ஒரு டெசிபெல் தின்னும். ஆன்டெனாவுக்கு ஒட்டியே அக்சஸ் பாயின்ட்டைப் பொருத்துங்கள். நீட்ட வேண்டுமானால் நெட்வொர்க் கேபிளை நீட்டுங்கள், 100 மீட்டர் வரை போகலாம்.

எங்கே மாட்டுவது என்பதில் ஒரே ஒரு விஷயத்தில் பிடிவாதமாக இருங்கள்: மேலிருந்து கீழே. ஏணி போடுவது கஷ்டம் என்று பக்கச் சுவர்களில் மாட்டி அரங்கத்தின் குறுக்கே அடிக்கச் சொல்வார்கள். அப்படி அடிக்கும் கதிர் முதல் பத்து வரிசைகளின் உடல்களில் தேய்ந்து, மிச்சத்தோடு எதிர்ச்சுவர் வரை போய், அங்கிருந்து திரும்பி வரும். மேலிருந்து வரும் கதிருக்குத் தரையோடு வேலை முடிந்தது. மேடை விளக்குகளுக்காகக் கூரையில் நடைபாதை இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். ஆனால் ஏசி குழாய்களுக்குக் கீழே இறக்கித் தொங்கவிடுங்கள், தகரத்துக்கு மேலே வைத்தால் எல்லாம் வீண். தலைக்கு மேல் தொங்குவதால் ஒவ்வொரு பெட்டிக்கும் தனியாக ஒரு பாதுகாப்புக் கம்பி கட்டாயம். பின்பக்கம் படியாக உயர்வதால் அங்கே ஆன்டெனாவைப் படிச்சரிவுக்குச் செங்குத்தாகக் கொஞ்சம் சாய்க்க வேண்டும். ஆகவே திருப்பக்கூடிய தாங்கியோடு வாங்குங்கள்.

இருக்கைக்கு அடியில் வைப்பது பற்றியும் யாராவது சொல்வார்கள். கலிஃபோர்னியாவின் சான்டா கிளாராவில் 2014-இல் திறந்த லீவைஸ் ஸ்டேடியத்தில் அப்படித்தான் செய்தார்கள். சுமார் 1200 அக்சஸ் பாயின்ட்கள், பார்வையாளர் பகுதியில் பலவற்றை இருக்கைகளுக்கு அடியில் வைத்தார்கள். 2016 பிப்ரவரியில் அங்கே நடந்த 50-ஆவது சூப்பர் பௌல் (அமெரிக்கக் கால்பந்து இறுதி) ஆட்டத்தன்று வைஃபையில் மட்டும் 10 டெராபைட்டுக்கு மேல் தரவு போனது. திறந்த மைதானத்தில் தலைக்கு மேல் கூரை கிடையாது, வேறு வழி குறைவு. அங்கே மனித உடல்களே சுவராக நின்று ஒவ்வொரு அக்சஸ் பாயின்ட்டின் பகுதியையும் பிரிக்கின்றன. உங்களுக்கு நல்ல கூரை இருக்கிறது. கான்கிரீட்டைக் குடைய வேண்டாம்.

மாட்டியதும் முதலில் செய்ய வேண்டியது, பவரைக் குறைப்பது. பலரும் மறப்பது இதைத்தான். 10 டிபிஐ ஆன்டெனாவுக்கு 5 டிபிஎம் (சிக்னல் பவரின் அலகு) கொடுத்தால் 10 மீட்டரில் லேப்டாப்புக்கு கழித்தல் 52 டிபிஎம் கிடைக்கும். உடல் மறைப்புக்கு 5 டெசிபெல் விட்டுக்கொடுத்தாலும் கழித்தல் 57. தாராளம். லேப்டாப் திரும்பப் பேசும்போதும் அதே 10 டிபிஐ காதாக வேலை செய்கிறது. அதனால் பவர் குறைந்தால் மேல்நோக்கிய இணைப்பு கெடும் என்ற பயம் வேண்டாம். எல்லா அக்சஸ் பாயின்ட்களையும் நிர்வகிக்கும் கன்ட்ரோலரில் ஆன்டெனாவின் டிபிஐயைச் சரியாகப் பதியுங்கள். அங்கே 3 என்றே விட்டுவிட்டால் தானியங்கி பவர் கணக்கு தப்பாகும், சட்டப்படி அனுமதித்த உச்ச அளவையும் தாண்டலாம். 12 எம்பிபிஎஸ்ஸுக்குக் கீழான வேகங்களை எல்லாம் அணைத்துவிடுங்கள். நெட்வொர்க் பெயர்களை இரண்டு, மூன்றுக்குள் நிறுத்துங்கள்.

இனி கொஞ்சம் கசப்பான உண்மை. ஆன்டெனா மட்டும் மாற்றினால் ஒரே அரங்கத்துக்குள் ஒரு சேனலைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்த முடிந்துவிடாது. மேலே போட்ட கணக்கையே தொடருங்கள். உங்கள் அக்சஸ் பாயின்ட் கழித்தல் 57-இல் கேட்கிறது, தள்ளி இருப்பது 21 டெசிபெல் குறைந்து கழித்தல் 78-இல் கேட்கிறது. ஆனால் வைஃபை கருவி கழித்தல் 82-இல் கேட்டாலே 'யாரோ பேசுகிறார்கள்' என்று ஒதுங்கி நிற்கும். பக்கத்து வட்டத்தில் இருக்கும் லேப்டாப்பின் ஆன்டெனாவோ எல்லாத் திசையிலும் பேசும், அதைக் குவிக்க உங்களால் முடியாது. 21 டெசிபெல் இருந்தால் மோதல் நடந்தாலும் பாதிப்பு குறையும், அவ்வளவுதான். வைஃபை 6-இல் வந்த நிறக்குறியீடு (பேசுவது தன் அக்சஸ் பாயின்ட்டா, பக்கத்ததா என்று அடையாளம் காட்டும் எண்) இந்த ஒதுங்கலைக் கொஞ்சம் தளர்த்தும். ஆனால் மாணவர்கள் கொண்டு வரும் லேப்டாப்களில் பழையதும் புதியதும் கலந்திருக்கும். அதை நம்பி வடிவமைக்காதீர்கள்.

உங்கள் அளவு அரங்கத்துக்கு இதைவிட எளிய வழி உண்டு. 16 அக்சஸ் பாயின்ட்டுக்கு 16 சேனல். 2018 அக்டோபரில் இந்தியாவில் 5 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் மொத்தம் 605 மெகாஹெர்ட்ஸ் உரிமமின்றிப் பயன்படுத்தத் திறந்தார்கள். 20 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் வைத்தால் சேனல் எண் 36 முதல் 48 வரை நான்கு, 149 முதல் 165 வரை ஐந்து, நடுவில் ரேடாரோடு பகிரும் பகுதியில் பதினைந்து. மொத்தம் 24 சேனல்கள். இப்போது உங்கள் கன்ட்ரோலர் 80 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் ஓடிக்கொண்டிருக்கும் என்று சந்தேகப்படுகிறேன், இன்றே பாருங்கள். அது 80-இல் இருந்தால் நான்கு சேனலை ஒன்றாகக் கட்டிவிடுகிறது, 14 அக்சஸ் பாயின்ட்டும் நாலைந்து சேனலுக்குள் அடிபடும். 20-க்கு இறக்கிவிட்டு அடுத்த தேர்வைப் பாருங்கள். செலவே இல்லாமல் பாதித் தொல்லை குறைய வாய்ப்பு இருக்கிறது. ரேடார் சேனல்களில் அக்சஸ் பாயின்ட் தொடங்கும் முன் ஒரு நிமிடம் கேட்டுப் பார்க்க வேண்டும். ரேடார் தெரிந்தால் 10 நொடிக்குள் விலகி, அரை மணி நேரம் அந்தப் பக்கம் வரக் கூடாது. நடுத் தேர்வில் அப்படி நடந்தால் 75 பேர் துண்டிக்கப்படுவார்கள். ஆகவே ஒரு மாதம் அந்த 15 சேனல்களையும் ஓடவிட்டு, பதிவில் ஒரு தடவைகூட ரேடார் வராத ஏழு சேனல்களை மட்டும் எடுத்து, ரேடார் இல்லாத ஒன்பதோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

அப்படியானால், சேனல் எல்லாம் தனித்தனி ஆன பிறகு திசை ஆன்டெனா எதற்கு? தேர்வு நாள் பதிவில் 14 அக்சஸ் பாயின்ட்களில் ஒவ்வொன்றிலும் எத்தனை பேர் இருந்தார்கள் என்று எடுத்துப் பாருங்கள். ஒன்றில் 150, இன்னொன்றில் 20 என்று இருந்தால் நான் ஆச்சரியப்பட மாட்டேன். எல்லா அக்சஸ் பாயின்ட்டும் ஏறக்குறைய ஒரே அளவில் கேட்கும்போது லேப்டாப் எதையாவது பிடித்துக்கொள்ளும், முதலில் கதவருகே பிடித்ததை உட்கார்ந்த பிறகும் விடாது. கீழ்நோக்கிய குறுகிய கதிரில் ஒவ்வொரு இருக்கைக்கும் ஒன்று மட்டும் பளிச்சென்று தெரியும், அடுத்தது தெளிவாகக் குறைந்திருக்கும். 75 பேர் கணக்கு காகிதத்தைவிட்டு வெளியே வந்து நிஜமாவது அப்போதுதான். நல்ல சிக்னலில் ஒவ்வொரு லேப்டாப்பும் வேகமாகப் பேசி முடித்துவிடும், அடுத்தவருக்கு நேரம் மிஞ்சும். வெளியே விடுதி, வராந்தா வைஃபைகள் உள்ளே கேட்பதும் குறையும். அந்த மூன்றுக்காகத்தான் வாங்கச் சொல்கிறேன்.

வைஃபை 6இ, 7 பார்க்கிறீர்களானால் 6 கிகாஹெர்ட்ஸில் ஒரு நுணுக்கம். 2020-இல் அமெரிக்கா வகுத்த விதிகளில், கட்டடத்துக்குள் குறைந்த பவரில் இயங்கும் அக்சஸ் பாயின்ட்டின் ஆன்டெனா பிரிக்க முடியாதபடி உள்ளேயே இருக்க வேண்டும். வெளி ஆன்டெனா வேண்டுமானால் தானியங்கி அலைவரிசை ஒருங்கிணைப்போடு (எந்த அலைவரிசை காலி என்று ஒரு தரவுத்தளத்தைக் கேட்டு நடக்கும் முறையோடு) இயங்கும் வகைக்குப் போக வேண்டும். அந்தச் சந்தைக்காகச் செய்யப்படும் கருவிகள்தான் இங்கும் வருகின்றன. எனவே ஆன்டெனாவைத் தனியாக வாங்கி மாட்டும் பழக்கம் 6 கிகாஹெர்ட்ஸில் அப்படியே செல்லாது. திசை ஆன்டெனாவை உள்ளேயே வைத்துச் செய்த அக்சஸ் பாயின்ட்களைப் பாருங்கள்.

ஆர்டர் போடும் முன் இன்னொரு வேலை. தேர்வு நாளில் ஐபி முகவரிகள் தீர்ந்துபோயினவா என்று பாருங்கள். சாதாரணமாக அமைத்த ஒரு முகவரிக் குழுவில் (சப்நெட்) 254 முகவரிதான் இருக்கும். 1200 லேப்டாப், 1200 போன் வந்து நின்றால் சிக்னல் முழுதாக இருக்கும், பக்கம் திறக்காது. நீங்கள் சொன்ன அதே அறிகுறி. 4000 முகவரிக்கு மேல் ஒதுக்குங்கள், குத்தகைக் காலத்தை, அதாவது ஒரு கருவிக்கு ஒரு முகவரி ஒதுக்கி வைக்கப்படும் நேரத்தை, இரண்டு மணி நேரமாக்குங்கள்.

அதன் பிறகு இரண்டே ஆன்டெனா வாங்குங்கள், 45-இல் ஒன்று, 70-இல் ஒன்று. இருக்கும் அக்சஸ் பாயின்ட்களில் முனை இருக்காது என்பதால் வெளி முனை உள்ள அக்சஸ் பாயின்ட் இரண்டும் வேண்டும். விற்பனையாளரிடம் ஒரு வாரத்துக்குக் கடனாகக் கேளுங்கள், பெரும்பாலும் தருவார்கள். கூரையில் மாட்டி, கீழே வரிசை வரிசையாக நடந்து அளந்து பாருங்கள்: வட்டத்துக்குள் கழித்தல் 60-க்கு மேல் இருக்கிறதா, இரண்டு வட்டம் தள்ளி 20 டெசிபெல் குறைகிறதா. காலி அரங்கத்தில் ஒரு தடவை அளந்தால் போதாது. ஏதாவது விழா நாளில் ஆட்கள் நிறைந்திருக்கும்போது இன்னொரு தடவை அளந்துவிட்டு, மீதி 14-க்கு ஆர்டர் போடுங்கள்.